எந்த ஊசி நல்லது?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. வயிற்றைக் கீறித் திறக்காமல், நான்கு சிறு துளைகள் வழியாகவே பித்தப்பையை அகற்றிவிட்டார்கள். மறுநாள் காலை நான் பார்க்கப் போனபோது அவர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வயிற்றில்தானே துளை போட்டார்கள், தோள் ஏன் இப்படி வலிக்கிறது?” என்பது அவர் கேட்ட முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி பக்கத்துக் கட்டிலைப் பற்றியது. “அந்தம்மாவுக்கும் இதே ஆபரேஷன்தான். அவர்களுக்கு வேறு ஊசி போட்டார்கள். உடனே வலி போய்விட்டதாம். எனக்குப் போட்டது மட்டமான ஊசியோ, தம்பி?”

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆனால் இரண்டாவது கேள்வி என் துறைக்கு அயலானதன்று. இரண்டு பொருள்களில் எது மேல் என்று கேட்டால், அளந்து பார் என்பதே எங்கள் விடை. வெப்பத்தை அளக்க வெப்பமானி உண்டு. மின்னோட்டத்தை அளக்க அம்மீட்டர் உண்டு. என் தமக்கையாரின் வலியை அளக்க என்ன உண்டு? அந்த அம்மையாரின் வலியோடு அதை எந்தத் தராசில் வைத்து ஒப்பிடுவது? இந்தக் கேள்விகளுக்கு மனிதர்கள் விடை தேடிய கதை நீண்டது. வாருங்கள், அந்த வழியே சற்று நடந்து பார்ப்போம்.

சிறு துளையும் மூவகை வலியும்

முதலில் தோள்வலியை முடித்துவிடுவோம். வயிற்றினுள் கருவிகள் அசைய இடம் வேண்டும். அதற்காகக் கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். வழக்கமான அழுத்தம் பாதரச அளவில் 12 முதல் 15 மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் பாதரசம் என்பது சுமார் 16 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே. கேட்பதற்குச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரையை அது மேல்நோக்கித் தள்ளி இழுத்து நிற்கச் செய்கிறது. வாயுவின் ஒரு பகுதி ஈரத்தில் கரைந்து மென்மையான அமிலமாகித் திரையை உறுத்தவும் செய்கிறது. அந்தத் திரைக்குச் செல்லும் நரம்பு கழுத்தில் தோன்றுகிறது. தோளின் தோலுக்குச் செல்லும் நரம்புகளும் கழுத்தின் அதே பகுதியில்தான் தோன்றுகின்றன. ஆகவே திரையிலிருந்து வரும் முறையீட்டை மூளை தோளிலிருந்து வந்ததாக எண்ணிவிடுகிறது.

இந்த அறுவை முறையும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1901-இல் ஜெர்மானியரான கெயோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றினுள் காற்றைச் செலுத்திக் குழாய் வழியே பார்த்துக் காட்டினார். 1910-இல் சுவீடனின் யாக்கோபேயஸ் மனிதரிடத்தில் அவ்வாறு பார்த்ததை வெளியிட்டார். அப்போதெல்லாம் உள்ளே தெரிந்தது மங்கலான காட்சியே. அதைத் தெளிவாக்கியவர் ஓர் இயற்பியலார். இங்கிலாந்தின் ஹெரால்டு ஹாப்கின்ஸ். சிறு வில்லைகளுக்கு நடுவே நீண்ட காற்று இடைவெளி விடும் பழைய அமைப்பை அவர் மாற்றினார். நீண்ட கண்ணாடித் தண்டுகளை வைத்து, அவற்றுக்கு நடுவே சிறு காற்று இடைவெளிகளையே வில்லைகளாகப் பயன்படுத்தினார். காட்சி பன்மடங்கு ஒளி பெற்றது.

1980-இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் இம்முறையில் குடல்வாலை அகற்றினார். 1985 செப்டம்பரில் எரிக் மூயே பித்தப்பையை அகற்றினார். இருவருமே உடன் தொழில் செய்வோரின் ஏளனத்துக்கு ஆளாயினர். 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் ஃபிலிப் மூரே இதைச் செய்த பிறகுதான் முறை வேகமாகப் பரவியது. 1990-இல் பம்பாயில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா நம் நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தார்.

கீறல் சிறுத்தால் வலி இல்லாமற் போய்விடும் என்று பலர் எண்ணினர். வலி குறைந்தது; மறைந்துவிடவில்லை. துளையிட்ட இடத்தில் ஒரு வலி. உள்ளுறுப்பை அகற்றிய இடத்தில் ஒரு வலி. தோளில் ஒரு வலி. முதல் நாளில் உள்வலி மேலோங்கி நிற்கும். தோள்வலி பெரும்பாலும் மறுநாள் தலைதூக்கும். மூன்றும் வெவ்வேறு காரணத்தால் பிறந்தவை. ஆதலால் ஒரே மருந்துக்கு ஒரே அளவில் அடங்குவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மார்ஃபின் தந்ததும் பறித்ததும்

அறுவைக்குப் பின் வரும் வலிக்கு நூறாண்டுகளுக்கு மேலாக ஒரே பெரிய மருந்து மார்ஃபின்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளரான செர்ட்யூர்னர் அபினியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். 1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் என்னும் மருத்துவர் ஊசிக்குழல் வழியாக அதைத் தோலுக்கடியில் செலுத்தினார். வாயால் விழுங்க முடியாத நோயாளிக்கும் வலி நீங்க வழி பிறந்தது.

மார்ஃபின் மூளையிலும் தண்டுவடத்திலும் சென்று வலியுணர்வை அமுக்குகிறது. அளவு மிகுந்தால் மூச்சையும் அமுக்கிவிடும். குமட்டல், வாந்தி, மயக்கம், மலச்சிக்கல் ஆகியவையும் உடன் வரும். வயிற்றைப் பெரிதாகத் திறந்து ஒரு வாரம் படுத்திருக்கும் நோயாளி இவற்றைப் பொறுத்துக்கொண்டார். ஆனால் சிறு துளை அறுவையின் பயனே அன்றோ மறுநாளோ எழுந்து வீட்டுக்குப் போவதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர் மருந்தின் வாந்தியால் படுக்கையிலேயே கிடந்தால் துளை சிறுத்து என்ன பயன்? மூளையைத் தொடாமல், வலி பிறக்கும் இடத்திலேயே வேலை செய்யும் ஊசி மருந்து ஒன்று தேவைப்பட்டது. அதன் வேர் ஒரு மரப்பட்டையில் இருந்தது.

வில்லோ பட்டையிலிருந்து ஊசிக்குழலுக்கு

1763-இல் இங்கிலாந்தின் பாதிரியார் எட்வர்ட் ஸ்டோன், வில்லோ மரத்தின் பட்டையைப் பொடித்துக் காய்ச்சல் கண்டவர்கள் சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்த செய்தியை ராயல் கழகத்துக்கு எழுதினார். 1828-இல் பட்டையின் சாரமாகிய சாலிசின் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து சாலிசிலிக் அமிலம் வந்தது. 1897-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் அதை மாற்றியமைத்து உருவாக்கிய பொருள்தான் 1899-இல் ஆஸ்பிரின் என்று பெயர் பெற்றது.

உலகம் முழுவதும் ஆஸ்பிரினை விழுங்கியது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. 1971-இல் லண்டனில் ஜான் வேன் விடை கண்டார். கினிப்பன்றியின் நுரையீரலை அரைத்த கலவையில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதை ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த இண்டோமெதசினும் தடுப்பதை அவர் காட்டினார். 1982-இல் இவருக்கும், புரோஸ்டாகிளாண்டின்களை ஆராய்ந்த சுவீடனின் பெர்க்ஸ்ட்ராம், சாமுவெல்சன் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

புரோஸ்டாகிளாண்டின் என்ன செய்கிறது? திசு வெட்டுண்ட இடத்தில் அது உண்டாகி, அங்குள்ள நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகிறது. சாதாரணமாகத் தொட்டால் தெரியாத இடம் அப்போது தொட்டாலே வலிக்கிறது. வீக்கமும் சிவப்பும் சூடும் சேர்ந்து வரும் அழற்சியும் அதன் வேலையே. அதைத் தயாரிக்கும் நொதியைக் கட்டிவிட்டால் வலியும் அழற்சியும் ஒருங்கே தணிகின்றன. மூச்சு அமுங்குவதில்லை, மயக்கமும் இல்லை.

ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் வலிக்கென்றே பிறந்த பொருள் அன்று. இரைப்பையின் உட்சுவரை அதன் அமிலத்திலிருந்து காப்பதும் அதுதான். சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். அதே நொதி வழியில் பிறக்கும் இன்னொரு பொருள், இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி இரத்தம் உறையத் துணை செய்கிறது. நொதியைக் கட்டினால் இந்த நன்மைகளையும் சேர்த்துக் கட்டுகிறோம். இவ்வினத்து மருந்துகளின் பயனும் பயமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன.

மாத்திரையாக இருந்ததை ஊசியாக்குவது அடுத்த படி. இவை பெரும்பாலும் நீரில் எளிதில் கரையாத அமிலங்கள். சுவிட்சர்லாந்தின் கெய்கி நிறுவனத்தில் 1966-இல் உருவாக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் 1974-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் ஊசி வடிவத்தில் 75 மில்லிகிராம் மருந்து 3 மில்லிலிட்டரில் அடங்கியிருக்கும். தசையில் ஆழமாகப் போடவேண்டிய அந்த ஊசியின் எரிச்சலை அனுபவித்தவர்கள் நம்மில் பலர் இருப்பீர்கள். பிறகு அமெரிக்காவின் சின்டெக்ஸ் நிறுவனம் கீட்டோரோலாக் என்னும் மருந்தை நீரில் நன்கு கரையும் உப்பாக்கியது. 1989-இல் அது அமெரிக்க அரசின் இசைவைப் பெற்றது. வலிக்கென்று ஊசி வழியே கொடுக்க அந்நாட்டில் இசைவு பெற்ற இவ்வினத்து முதல் மருந்து அதுவே. பித்தப்பை அறுவை சிறு துளைகளுக்கு மாறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. புதிய அறுவையும் புதிய ஊசியும் ஒரே காலத்தில் சந்தித்துக்கொண்டன.

அந்த 3 மில்லிலிட்டர் குப்பிக்கு நம் நாட்டில் ஒரு கிளைக்கதை உண்டு. மாடுகளுக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி போடப்பட்டது. இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகம் கெட்டு அவை கூட்டமாக மடிந்தன என்பது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைக்கான தயாரிப்பைத் தடுத்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க, 2015-இல் மனிதருக்கான ஊசிக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது என்று ஆணையிட்டது. ஒரு மனிதனின் வலியைத் தணிக்கும் அதே பொருள் ஒரு பறவை இனத்தையே அழிக்கவல்லது. மருந்தின் நன்மை அதைப் பெறுபவர் யார் என்பதைப் பொறுத்தது என்னும் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வலிக்கு ஓர் அளவுகோல்

இப்போது ஒப்பிடும் வேலைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒரு விந்தையைக் கண்டார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் தமக்கு வலி மருந்து வேண்டாம் என்றனர். போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பினோம் என்ற நிம்மதி அவர்கள் வலியின் பொருளையே மாற்றிவிட்டது என்று அவர் கருதினார். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பதை 1946-இல் எழுதினார்.

1955-இல் அவரே இன்னொன்றையும் எழுதினார். மருந்தே இல்லாத போலி மருந்தைக் கொடுத்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குணம் தெரிகிறது என்பது அவர் கணக்கு. தாமாகவே தணியும் வலியையும் அவர் போலி மருந்தின் கணக்கில் சேர்த்துவிட்டார் என்று பின்னால் வந்தவர்கள் குறை கூறினர். குறை நியாயமானதே. ஆனால் இரு சாராரின் வாதமும் ஒரே முடிவுக்குத்தான் கொண்டு செல்கிறது. ஒருவருக்கு ஊசி போட்டோம், வலி போயிற்று என்பது ஊசியின் திறமைக்குச் சான்று ஆகாது. என் தமக்கையாரின் பக்கத்துக் கட்டில் அம்மையாருக்கு ஊசி போட்டதும் வலி போனது உண்மையாகவே இருக்கலாம்; ஊசி போடாமலிருந்தாலும் அந்த நேரத்தில் போயிருக்கலாம்.

எனவே மருத்துவர்கள் சில விதிகளை ஏற்படுத்திக்கொண்டனர். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் தெரியக்கூடாது, மதிப்பிடுபவருக்கும் தெரியக்கூடாது. அளவுகோலாக ஒரு கோடு வேண்டும். 10 சென்டிமீட்டர் நீளக் கோட்டின் ஒரு முனை ‘வலியே இல்லை’. மறுமுனை ‘இதற்குமேல் வலி இருக்க முடியாது’. தம் வலி எங்கே நிற்கிறது என்று நோயாளியே குறியிடுவார். எளிய கருவிதான். அதன் பூச்சியத்தையும் உச்சத்தையும் நோயாளி தம் மனத்தில்தான் வைத்திருக்கிறார் என்பது அதன் குறை. ஆனால் ஒரே நோயாளி காலையிலும் மாலையிலும் இடும் குறிகளை ஒப்பிடலாம். நூறு நோயாளிகளின் சராசரியை இன்னொரு நூறு பேரின் சராசரியோடு ஒப்பிடலாம்.

இன்னோர் உபாயமும் உண்டு. பொத்தானை அழுத்தினால் சிறு அளவு மார்ஃபின் இரத்தத்தில் இறங்கும் கருவியை நோயாளி கையில் கொடுத்துவிடுகிறார்கள். எந்த ஊசி பெற்ற பிரிவினர் குறைவான மார்ஃபின் கேட்டார்களோ அந்த ஊசி வலிமையானது. வாயால் சொல்வதைக் கேட்பதற்குப் பதிலாக விரல் செய்வதை எண்ணுகிறார்கள்.

அளந்தபோது தெரிந்தது

ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் இத்தகைய பல சோதனைகளைத் தொகுத்து எளிய எண் ஒன்றை வழங்கினர். போலி ஊசியால் தணியும் அளவுக்கு மேல், கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாவது குறைய, எத்தனை பேருக்கு மருந்து போட வேண்டும்? எண் சிறிதானால் மருந்து சிறந்தது. தசையில் போடும் 10 மில்லிகிராம் மார்ஃபினுக்கு அந்த எண் 2.9. 30 மில்லிகிராம் கீட்டோரோலாக்குக்கு 3.4. அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. மரப்பட்டையின் கொள்ளுப்பேரன் அபினியின் மகனோடு தோளுரசி நின்றுவிட்டான்.

ஒரு வேறுபாடு உண்டு. மார்ஃபினைக் கூட்டக் கூட்ட வலி மேலும் குறையும். இவ்வினத்து மருந்துகளில் அப்படி இல்லை. காந்தமாக்கும் மின்னோட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் இரும்பு ஓரளவுக்கு மேல் காந்தமாகாமல் தெவிட்டி நிற்பதை ஆய்வுக்கூடத்தில் கண்டிருப்பீர்கள். இங்கும் அப்படியே. நொதி முழுவதும் கட்டுண்ட பிறகு மேலும் மருந்து செலுத்தினால் வலி குறைவதில்லை. கேடு மட்டும் கூடும். 2017-இல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 240 நோயாளிகளுக்கு 10, 15, 30 மில்லிகிராம் என மூன்று அளவில் கீட்டோரோலாக்கைக் கொடுத்தபோது மூன்றும் ஒரே அளவில்தான் வலியைத் தணித்தன. அவர்கள் அறுவை நோயாளிகள் அல்லர் என்றாலும் செய்தி சிந்திக்கத்தக்கது.

சரி, பித்தப்பை அறுவையில் நிலை என்ன? 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக், 30 மில்லிகிராம் கீட்டோரோலாக், பின்னர் வந்த 40 மில்லிகிராம் பாரெகாக்சிப் என்று ஊசிகளை நேருக்கு நேர் நிறுத்திப் பல நாடுகளில் சோதனைகள் நடந்தன. நம் நாட்டிலும் நடந்தன. பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு 30 பேர், 50 பேர் என்ற அளவிலான சிறு சோதனைகள். ஒன்றில் இது முந்தும். மற்றொன்றில் அது முந்தும். 2014-இல் லண்டனைச் சேர்ந்த குறிஞ்சி செல்வன் குருசாமியும் அவர் குழுவினரும், பித்தப்பை அறுவையில் வலி மருந்துகளை ஆராய்ந்த 25 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தனர். இவ்வின மருந்துகளால் அறுவைக்கு 4 முதல் 8 மணி நேரத்துக்குப் பின் உள்ள வலி, 10 சென்டிமீட்டர் கோட்டில் சுமார் 0.9 சென்டிமீட்டர் குறைந்தது. அதன்பின் முதல் நாள் முடிவதற்குள் வித்தியாசம் 0.5 சென்டிமீட்டராகச் சுருங்கியது. சான்றுகளின் தரமும் குறைவு என்று அவர்களே குறிப்பிட்டனர்.

வாசகர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். மருந்துக்கும் மருந்தின்மைக்கும் இடையிலுள்ள வித்தியாசமே ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்குகிறது என்றால், ஒரு நல்ல மருந்துக்கும் இன்னொரு நல்ல மருந்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும்! 50 பேரின் பென்சில் குறிகளால் அதைப் பிடிக்க முயல்வது, தைப்பவரின் நாடாவால் மயிரிழையின் தடிப்பை அளப்பது போன்றது. வலி நீக்கும் திறனில் இந்த ஊசிகள் ஏறத்தாழ ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதே நேர்மையான விடை.

சிறு சோதனை காணாதது

அப்படியானால் எந்த ஊசியும் ஒன்றுதானா? இல்லை. வேறுபாடு வலியில் இல்லை, விலையில் இருக்கிறது. காசு விலையைச் சொல்லவில்லை. உடல் கொடுக்கும் விலையைச் சொல்கிறேன்.

கீட்டோரோலாக் பரவிய சில ஆண்டுகளிலேயே இரத்தக் கசிவாலும் சிறுநீரகக் கேட்டாலும் இறந்தவர்களைப் பற்றிய அறிக்கைகள் வரத் தொடங்கின. சில ஐரோப்பிய நாடுகள் அதன் விற்பனையை நிறுத்தின. 1993-இல் ஐரோப்பாவில் அதன் அளவைக் கடுமையாகக் குறைத்தார்கள்: முதலில் 10 மில்லிகிராம், ஒரு நாளில் 90-க்கு மேல் கூடாது, ஊசியாக இரண்டு நாளுக்கு மேல் கூடாது. 1996-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, அளவு மிகுந்தாலும், வயது முதிர்ந்தாலும், ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்தாலும் ஆபத்து ஏறுகிறது என்று காட்டியது.

இசைவுக்கு முன் நடந்த சோதனைகளில் இது ஏன் தெரியவில்லை? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றில் ஒருவருக்கு இரத்தக் கசிவு ஏற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தப்பிப்பதற்கான நிகழ்தகவு 0.99. ஐம்பது பேரும் தப்பிக்க 0.99-ஐ ஐம்பது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.6. அதாவது அத்தகைய பத்துச் சோதனைகளில் ஆறில் ஒரு கசிவுகூடத் தென்படாது. “எவ்விதத் தீங்கும் நேரவில்லை” என்று அவற்றை நடத்தியவர்கள் எழுதினால் அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று. ஒரு மருந்தில் நூற்றில் ஒருவருக்கும் மற்றொன்றில் நூற்றில் இருவருக்கும் கசிகிறது என்பதை நம்பத்தக்க முறையில் பிரித்தறிய, ஒரு பிரிவுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தேவை. வலியைத் தணிப்பது பத்துப் பேரிலேயே தெரியும். உயிரைப் பறிப்பது பத்தாயிரம் பேரில்தான் தெரியும்.

அப்படியொரு பெரிய சோதனையும் நடந்தது. ஐரோப்பாவின் 49 மருத்துவமனைகளில் பெரிய அறுவைகளுக்கு உள்ளான 11,245 பேரில் ஒரு பாதிக்குக் கீட்டோரோலாக்கும் மறுபாதிக்கு டைக்ளோஃபெனாக் அல்லது கீட்டோபுரோஃபெனும் கொடுத்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. அறுவை செய்த இடத்தில் இரத்தக் கசிவு 1.04 விழுக்காடு, கடும் சிறுநீரகக் கேடு 0.09 விழுக்காடு, இரைப்பை, குடல் இரத்தக் கசிவு 0.04 விழுக்காடு. மருந்துகளுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. குறைத்த அளவில், குறைந்த நாளுக்கு, தகுந்தவரைத் தேர்ந்து கொடுத்தபோது கெட்ட பெயரெடுத்த மருந்தும் மற்றவற்றைப் போலவே நடந்துகொண்டது.

கதவு திறந்தபோது

1991-ஆம் ஆண்டு வாக்கில் நொதி ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 இரைப்பையையும் இரத்தத் தட்டுகளையும் கவனிக்கிறது. காக்ஸ்-2 காயம்பட்ட இடத்தில் தோன்றுகிறது. இரண்டாவதை மட்டும் கட்டினால் வலி போகும், இரைப்பையும் பிழைக்கும், இரத்தமும் உறையும் என்று நம்பினார்கள். அதற்கான ஊசிதான் பாரெகாக்சிப். 2002-இல் ஐரோப்பாவில் இசைவு பெற்றது. உடலினுள் அது வால்டெகாக்சிப் என்னும் மருந்தாக மாறி வேலை செய்கிறது. இரத்தத் தட்டுகளை அது தொடாதது உண்மை. ஆனால் 2005-இல் இதய இரத்தக்குழாய் அறுவை செய்துகொண்ட 1,671 பேரிடம் நடந்த சோதனை வெளிவந்தது. பாரெகாக்சிப்பும் தொடர்ந்து வால்டெகாக்சிப்பும் பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு போன்ற இதய, இரத்தக்குழாய்க் கேடுகள் நேர்ந்தன. போலி மருந்து பெற்றவர்களில் 0.5 விழுக்காடு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் அதே இனத்து ரோஃபெகாக்சிப் மாத்திரை இதயக் கேட்டால் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அமெரிக்கா பாரெகாக்சிப்புக்கு இசைவளிக்கவில்லை.

இதய நோயாளிக்கு ஆகாதது, இதயம் நலமாக உள்ள இளைஞரின் பித்தப்பை அறுவையில் ஓரிரு முறை கொடுத்தால் கெடுதல் என்று பொருள் கொள்ளக்கூடாது. பல நாடுகளில் அம்மருந்து இன்றும் பயன்படுகிறது. ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறந்துகொள்கிறது; எந்த நோயாளிக்கு எந்தக் கதவு ஆபத்தானது என்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

இந்த வரலாற்றில் ஒரு கறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்காட் ரூபன் என்னும் மயக்க மருத்துவர் அறுவைக்குப் பிந்தைய வலியைப் பற்றி எழுதிய ஆய்வுகள், குறிப்பாகக் காக்ஸ்-2 மருந்துகளைப் புகழ்ந்தவை, உலகெங்கும் எடுத்தாளப்பட்டன. 2009-இல், அவற்றுள் 21 கட்டுரைகளின் தரவுகள் புனையப்பட்டவை என்று தெரியவந்தது. 2010-இல் நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவன் அளவீட்டைக் கற்பனை செய்து எழுதினால் மதிப்பெண் குறையும். நோயாளியின் வலியைக் கற்பனை செய்து எழுதினால், அதை நம்பி ஊசி போடப்படும் ஒவ்வொரு கட்டிலும் அந்தப் பொய்யைச் சுமக்கிறது. அவருடைய கட்டுரைகளை நீக்கிவிட்டுத் தொகுப்பாய்வுகளை மீண்டும் கணக்கிட்டபோது எண்களால் வந்த முடிவுகள் பெரும்பாலும் மாறவில்லை. பலர் தனித்தனியே அளந்திருந்ததால் ஒருவரின் பொய் மாளிகையைச் சாய்க்க முடியவில்லை.

இன்றைய நிலை

1993-இல் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட்டும் ஜோர்கன் டாலும் ஓர் எண்ணத்தை வலியுறுத்தினர். வலிமையான ஒரே மருந்தைத் தேடுவதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளைச் சிறுசிறு அளவில் சேர்ப்பதே நல்லது என்றார்கள். மூவகை வலியை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதற்கு ஏற்ற விடை இதுதான். துளையிடும் இடங்களில் மரத்துப்போகும் மருந்தை ஊசியால் செலுத்துகிறார்கள். பாரசிட்டமாலும், நாம் பேசிய இனத்து மருந்து ஒன்றும் சேர்க்கிறார்கள். மார்ஃபின் இனத்தைப் பின்னணியில் நிறுத்தி, தேவைப்பட்டால் மட்டும் அழைக்கிறார்கள். 2018-இல் வெளிவந்த ஐரோப்பிய வல்லுநர்களின் பரிந்துரையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. தோள்வலிக்கோ மருந்தைவிட இயற்பியலே உதவுகிறது: வாயுவின் அழுத்தத்தைக் குறைவாக வைப்பதும், முடிக்கும்போது வயிற்றில் தங்கிய வாயுவை நன்கு வெளியேற்றுவதும் அதைக் குறைக்கின்றன.

ஆகவே, உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இத்தகைய அறுவை நேர்ந்தால், எந்த ஊசி நல்லது என்று கேட்பதைவிட உங்களைப் பற்றி மருத்துவரிடம் சொல்வது பயன் தரும். வயிற்றுப்புண் இருந்ததா? சிறுநீரகக் குறை உண்டா? இதய நோய் உண்டா? இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆஸ்பிரின் இன மருந்தால் மூச்சிரைப்போ தடிப்போ வந்ததுண்டா? இந்த ஐந்து கேள்விகளுக்கான விடைகள் ஊசிகளின் தரவரிசையைவிட உயர்ந்த தகவல்கள்.

என் தமக்கையாருக்கு நீரிழிவு உண்டு. அதனால் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மருத்துவர் பக்கத்துக் கட்டில் ஊசியை அவருக்குத் தவிர்த்துப் பாரசிட்டமாலை இரத்தக்குழாய் வழியே கொடுத்திருந்தார். நான் விசாரித்து வந்து சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். “அப்படியென்றால் மட்டமான ஊசி இல்லை, எனக்கான ஊசி” என்றார். தோள்வலி மூன்றாம் நாள் தானாகவே போய்விட்டது.